ஏழு பாவாடைப் போர்

வாழி, குவபாரா ஷிகெஸோ! கடல் கடவாமலே முப்பத்தொரு தேசங்களை வென்ற பெருமகனே, வாழி! வாளெடுக்காமல் ஹங்கேரியையும், வில்லெடுக்காமல் ஹாலந்தையும், பாஸ்போர்ட்டே எடுக்காமல் பெரு நாட்டையும் அடக்கி, கூடத்துக் கண்ணாடி அலமாரியில் தட்டுத் தட்டாக நிறுத்திய தோள்வலியாளனே, வாழி! மத்சுமோட்டோ நகரின் மூன்றாம் பேட்டையில் வாசல் வாசலாகக் குனிந்து தண்ணீர் மீட்டர் படித்து முப்பத்தெட்டாண்டு முதுகு வளைந்து, ஓய்வு பெற்ற மறுநாளே நிமிர்ந்துகொண்ட எழுபத்தொரு வயது வேங்கையே, வாழி, வாழி! நின் புகழ் பாடப் புகுந்த எனக்குச் சொல்லின் தெய்வம் துணை நிற்கட்டும். தெய்வத்துக்கு வேறு வேலை இருந்தால் என் வீட்டு மாடி ஜன்னல் துணை நிற்கட்டும். நடந்ததில் பாதியை அங்கிருந்துதான் பார்த்தேன். மீதிப் பாதியை, காவியம் சொல்கிறவர்களின் வழக்கப்படி, பார்க்காமலே அறிவேன்.

அவரது பொம்மைப் படையணியைப் பாடுவோம். மேல்தட்டில் விசிறியேந்திய ஸ்பானிய நங்கை, மரச்செருப்பு இருமுறை பசை கண்ட டச்சு நங்கை, தன்னைவிடப் பெரிய தொப்பியின் கீழ் முகமே தெரியாத மெக்சிகோ வீரன். நடுத்தட்டில், தூசி தட்டிய ஒரு கறுப்பு நாளில் பால்வாளியைப் பறிகொடுத்து, அதைப் பிடித்திருந்த கையை இன்றும் நீட்டியபடியே நிற்கும் சுவிஸ் இடைச்சி. அவளுக்கு இருபுறமும் பூவேலை மேலாடை பூண்ட ஹங்கேரியும், கம்பளிக் காதுக்குல்லாய் தரித்த பெருவும். கீழ்த்தட்டில், தெருவில் லாரி போகும்போதெல்லாம் தானே இடுப்பாட்டும் ஹவாய்க் குமரி. ஹவாய் ஒரு தேசமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த வீட்டில் தேநீர் கிடையாது.

இத்தனை நாட்டவருள் ஒருவரைக்கூடப் பெருமகனார் விலைக்கு வாங்கியதில்லை என்பதே அவரது வீரத்தின் கொடுமுடி. வாங்குவது வணிகம், பெறுவதே வெற்றி. அந்நாட்டு மண்ணை மிதித்தவர் கையால், அந்நாட்டு உடையில், உறை பிரியாமல் வந்து சேர வேண்டும். சேர்ந்தபின் காலடியில் நாட்டின் பெயரும் தந்தவர் பெயரும் எழுதிய சீட்டு நிற்க வேண்டும். இந்த அறநெறியை அவரே வகுத்தார், பேட்டை முழுவதும் அதை ஏற்றது, ஏற்காதவர்களுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. தாமே கப்பலேறிப் போய்ப் பெற்று வரலாமே என்பீர்கள். சுவா ஏரியில் அன்ன வடிவப் படகில் இருபது நிமிடம் போய் வந்ததற்கே அவர் மூன்று நாள் கஞ்சி குடித்தார்.

வீரம் இருந்தால் பகையும் இருக்கத்தானே வேண்டும். எழுதுபொருள் கடை நடத்திய கணவரை இழந்து கடையையும் மூடிவிட்ட நிஷியோரி ஃபுசாகோ அம்மையார், அறுபத்தெட்டு வயதினர், குரலில் தேனும் கைப்பையில் எந்நேரமும் மிட்டாயும் உடையவர். அவர் அலமாரியிலும் முப்பத்தொரு தேசம், அங்கும் ஹவாய் உண்டு என்பதால் ஹவாயைப் பற்றி இருதரப்பும் வாய் திறப்பதில்லை. ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாம் தேதி, பண்பாட்டு நாளில், பேட்டைச் சமூகக்கூடத்துக் கண்காட்சியில் பொம்மைகளுக்கென்று ஒதுக்கிய இடம் இரண்டே: ஜன்னல் வெளிச்சம் பொழியும் நடுமேசை ஒன்று, கழிப்பறைக்குத் திரும்பும் மூலை ஒன்று. எண்ணிக்கை மிகுந்தவருக்கே நடுமேசை. சென்ற ஆண்டு இருவரும் சமமாக நின்றமையால், சமூகக்கூடப் பொறுப்பாளர் ஹகா நடுவராக, ஊரார் மூச்சடக்கிச் சூழ்ந்து நிற்க, இரு பெருவீரரும் கல்-காகிதம்-கத்தரி ஆட்டத்துக்கு எதிரெதிர் நின்று வலக்கை ஓங்கி, மும்முறை முழங்கி, இறக்கினர். குவபாரா கல் காட்டினார். அம்மையார் காகிதம் காட்டினார். காகிதம் கல்லை மூடியது, அன்று மாலை வரை பார்வையாளர்கள் ஸ்பெயின் முதல் ஹவாய் வரை சகல தேசங்களின் மீதும் ஈரக்குடையைச் சாய்த்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வந்தார்கள்.

அந்த ஈரம் இவ்வாண்டு செப்டம்பர் வரை பெருமகனார் நெஞ்சில் காயவில்லை. ஒரு காலைப்பொழுதில், அலமாரி துடைத்த துணியை வெற்றிக்கொடியென உயர்த்தி, தம் மனைவி தோஷியேயின் முன் அவர் பிரகடனம் செய்தார்:

“கேள், தோஷியே! முப்பத்திரண்டாவது தேசம் இவ்வாசலில் வந்து இறங்கியே தீரும்! இவ்வாண்டு நடுமேசை நமதே! அந்த மூலையை அந்த அம்மையாரே ஆளட்டும்!”

“சரிங்க, ஆளட்டும்,” என்றாள் தோஷியே. “இன்னைக்கு எரியிற குப்பை எடுக்கிற நாள். எட்டரைக்கு வண்டி வந்துரும். பேசிக்கிட்டே அந்த மூட்டையத் தூக்குங்க பாப்போம்.”

வேங்கை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. விதி குப்பை மூலையில் அவருக்காகக் காத்திருந்தது. பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கும் அசஹினா மிதோரி, தன் தங்கையோடு அக்டோபரில் எட்டு நாள் போர்ச்சுகல் போகிறாள் என்று அங்கே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

போர்ச்சுகல்! அவரிடம் இல்லாத தேசம்! அம்மையாரிடமும் இல்லாத தேசம்! வீடு திரும்பிய வேகத்தில் செருப்பைக் கழற்ற மறந்து கூடத்தில் நடந்து, தோஷியேயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கலைக்களஞ்சியத்தைப் பிரித்தார். அந்நாட்டுக் கடலோர ஊர் ஒன்றில் மீனவப் பெண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பாவாடை உடுத்துவார்கள் என்றும், அவர்களைப்போல் செய்த பொம்மைகளுக்கும் ஏழு பாவாடை உண்டு என்றும் அதில் எழுதியிருந்தது. ஏழு! ஹங்கேரிக்கே மூன்றுதான். நடுமேசையில் ஜன்னல் வெளிச்சத்தில் அந்த ஏழும் ஏழு அலைகளாக விரிவதை அவர் மனக்கண்ணில் கண்டார். அன்று முழுவதும் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

இனி வருவது முற்றுகைப் படலம். நோயறியாத தம் பற்களை நோயுற்றதாகச் சாற்றி, முன்பதிவு செய்து, மருத்துவமனை நாற்காலியில் மல்லாந்தார் மாவீரர். எச்சில் உறிஞ்சும் குழாயேந்தி மிதோரி தலைமாட்டில் நிற்க, சொல்ல வேண்டிய சொற்களெல்லாம் தொண்டைவரை வந்து குழாய் வழியே போயின. நோயில்லாத பற்களில் மருத்துவர் இரண்டு சொத்தை கண்டுபிடித்தார். ஒரு கன்னம் மரத்துப்போய், உதடு ஒருபுறம் தொங்க அவர் வெளியே வந்தபோது, காத்திருக்கும் அறையில் அதே நோக்கத்தோடு, கழுத்துக்கு வைக்கும் தலையணை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வீற்றிருந்தார் ஃபுசாகோ அம்மையார்.

நம் ஊர்ப் போர்முறையை அறியாதவர் எவரும் இல்லை. இன்னது வாங்கி வா என்று கேட்பவன் மனிதனே அல்லன். பயணம் போகிறவர் கையில் வழித்துணைப் பொருள் ஒன்றைத் திணித்து, ஒன்றும் வாங்கி வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். எவ்வளவு அழுத்தி வேண்டாம் என்கிறோமோ அவ்வளவு கட்டாயமாக வாங்கி வரவேண்டும் என்பது பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். மிதோரி வெளியே வந்ததும் பெருமகனார் உப்பில் ஊறிய பிளம் பழ ஜாடியை அவள் கையில் வைத்து முதல் அம்பை எய்தார்.

“வெளியூர்ச் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கலன்னா இதுல ஒண்ணை வாயில போட்டுக்கம்மா. ஆனா ஒண்ணு, எனக்குன்னு எதையும் வாங்கிட்டு வரக்கூடாது.”

“ஐயா சொல்றதுதான் சரி,” என்று தேன் சொட்டியது எதிர்ப்புறம். “பெட்டி கனத்தா உனக்குத்தானே கஷ்டம் கண்ணு. இந்தா, பிளேன்ல கழுத்துக்கு வச்சுக்க. எனக்கு ஒரு துரும்புகூட வேண்டாம்.”

“துரும்பா? எனக்குத் துரும்புல பாதிகூட வேண்டாம்!”

“எனக்கு அந்த நெனப்பே இல்லம்மா. அலமாரில வைக்க எடமும் இல்ல.”

“எடமா? இருக்கிற பொம்மைங்களையே யாருக்காவது தூக்கிக் குடுத்துரலாம்னு பாக்கறேன்! எனக்கு இனிமே பொம்மையே வேண்டாம்!”

இடமும் வலமுமாக இருவருக்கும் மாறி மாறித் தலைவணங்கிய மிதோரிக்குக் கழுத்துத் தலையணை அப்போதே தேவைப்பட்டது. மூலையில் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், “வேண்டாங்கிறதைக் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, பல்லு தெறிக்குது,” என்றார். களம் அத்துடன் அடங்கியது. கடைசிச் சொல் தம்முடையதே என்ற பூரிப்பில் பெருமகனார் மருத்துவமனைச் செருப்போடே வீடு வந்து சேர்ந்தார்.

மிதோரி பறந்தாள். எட்டு நாளும் பெருமகனார் போர்ச்சுகலின் வானிலையை விசாரித்தார். அலமாரியின் நடுத்தட்டில் ஹங்கேரியை இடப்புறமும் பெருவை வலப்புறமும் ஒதுக்கி, சுவிஸ் இடைச்சியைப் பின்வரிசைக்குத் தள்ளி, ஏழு பாவாடைக்கு இடம் செய்தார். சீட்டைக்கூட எழுதி வைத்துவிட்டார். இதற்கிடையே எதிரி சும்மா இருக்கவில்லை; தம் வீட்டு மரத்தில் பழுத்த சீமைப் பனிச்சம்பழம் பன்னிரண்டை மூங்கில் கூடையில் அடுக்கி அனுப்பிவைத்தார். பழம் தின்றுவிடலாம், ஆனால் கூடையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. என்ன வைத்துக் கொடுப்பது என்று தோஷியே ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை காலை, வாசலில் சைக்கிள் மணி ஒலித்தது. வந்துவிட்டாள் மிதோரி! கையில் உறையிட்ட பெட்டி!

“ஒண்ணுமில்லீங்க, சும்மா ஒரு சின்னப் பொருள்.”

“அடடா, எதுக்கும்மா இதெல்லாம்! அவ்வளவு தூரம் வேண்டாம்னு சொன்னேனே!”

இருவரும் நான்கு முறை குனிந்து நிமிர்ந்தார்கள். தந்தவர் கண்ணெதிரே உறையைக் கிழிப்பது காணாததைக் கண்டவன் செயல் என்பதால், பெட்டி பிரியாமலே உள்ளே போனது. கதவு சாத்தியதும் பெருமகனார் ஜன்னலுக்குப் பாய்ந்து திரையிடுக்கில் கண் வைத்தார். அங்கே, சைக்கிள் கூடையிலிருந்து மிதோரி இன்னொரு பெட்டியை எடுத்து அம்மையார் வீட்டை நோக்கி நடந்தாள். அது நெடிய பெட்டி. ஒடுங்கிய பெட்டி. தலையும் தோளும் இடையுமாக ஒரு நங்கை நின்ற கோலத்தில் அடங்கக்கூடிய பெட்டி!

தம் கையிலிருந்ததைப் பார்த்தார். குட்டை. அகலம். கனம். காதருகே வைத்து ஆட்டினார், ‘கடகட’ என்றது. உலகெங்கும் மத்தி மீனை டின்னில் அடைத்து விற்கும் நாடு எதுவென்று கலைக்களஞ்சியத்தில் படித்திருந்த அந்த அறிவுக்கடலுக்கு, அதற்குமேல் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

“மத்தி மீன்!” என்று முழங்கினார். “எனக்கு மத்தி மீன்! அவளுக்கு ஏழு பாவாடை! உலகம் நேர்மையற்றது, தோஷியே!”

“பிரிச்சுத்தான் பாருங்களேன்.”

“தோல்வியின் உறையை எவன் பிரிப்பான்!”

“மீன்னா நல்லதுதானே. மத்தியானச் சோத்துக்கு ஆச்சு.”

“அவமானம் இவ்வீட்டு அடுப்பில் ஏறாது! அந்த அம்மையார் கூடை கிடக்கிறதல்லவா? இதை அப்படியே அதில் வை. பொம்மையைப் பெற்றவள் மீனையும் தின்னட்டும்!”

பெருந்தன்மையும் நஞ்சும் சரிபாதி கலந்த அந்த ஆணையைக் கேட்டு, ஒரு வாரக் கவலை தீர்ந்த நிம்மதியில், தோஷியே பெட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். உறை கசங்காமல் இருந்தது அவளுக்கு ரொம்ப வசதி.

நவம்பர் மூன்றும் புலர்ந்தது. எண்ணவும் நிற்காமல், எவர் முகத்தையும் நோக்காமல், முப்பத்தொரு தேசங்களையும் அட்டைப்பெட்டியில் சுமந்துகொண்டு நேரே கழிப்பறை மூலைக்குப் போய்ப் பாசறை அமைத்தார் பெருமகனார். ஸ்பெயின் நின்றது, ஹாலந்து நின்றது, மெக்சிகோ தொப்பிக்குள் ஒளிந்துகொண்டது. வேலை முடிந்தபின், தம் தோல்வியின் முழு உருவத்தையும் ஒருமுறை பார்த்துவிடும் துணிவோடு நடுமேசைக்கு நடந்தார்.

கண்டார். ஜன்னல் வெளிச்சத்தின் நட்டநடுவே அவள் நின்றாள். கவிழ்த்த சோற்றுக் கிண்ணம்போல் குட்டையாய், அகலமாய், ஒன்றன்மேல் ஒன்றாய் ஏழு பாவாடை விரிய, தோளில் கறுப்புச் சால்வையும் தலையில் களிமண் மீன்கள் நிறைந்த தட்டுக்கூடையுமாக அவள் நின்றாள். ஹகா மேசையைச் சரிசெய்தபோது அந்தக் களிமண் மீன்கள் ‘கடகட’ என்றன. ஏழு பாவாடை உடுத்தியவள் ஒடுங்கிய பெட்டியில் அடங்கமாட்டாள் என்பது உலகில் யாருக்குத் தோன்றாவிட்டாலும் இவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். காலடியில் சீட்டு இருந்தது. ‘போர்ச்சுகல். தந்தவர்: குவபாரா ஷிகெஸோ அவர்கள்.’

“எனக்கு மிதோரி ஆலிவ் எண்ணெய் பாட்டில்தாங்க குடுத்தா, நல்லா நீளமா,” என்றார் அம்மையார், இரு கைகளையும் நெஞ்சில் வைத்து. “உங்க வீட்டுக்காரம்மா கூடையத் திருப்பித் தந்தப்போ என்னமோ பலகாரம்னு நெனச்சேன். பிரிச்சா பொம்மை! போட்டிதான் பெருசுன்னு இத்தனை வருஷமா உங்களைத் தப்பா நெனச்சுட்டேங்க.” அவர் கண்ணில் நீர் நின்றது. அது உண்மை நீரா, உத்தி நீரா என்பது மட்டும் எல்லாம் அறிந்த எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

ஹகா ஒலிபெருக்கியை எடுத்தார். “பேட்டை மக்களே! தன்னிடம் வந்த முப்பத்திரண்டாவது தேசத்தைத் தன் எதிராளிக்கே வாரி வழங்கி, நடுமேசையை விட்டுக்கொடுத்து, மூலையைத் தானே தேடிப்போன பெருந்தகை இங்கே நிற்கிறார்!” கூடம் கைதட்டியது. மண்ணை மிதித்தவர் தந்தால்தான் கணக்கு என்ற தம் அறநெறியை வாளாக உருவி, இப்பொம்மை செல்லாது, போர்ச்சுகலை நான் மிதித்ததே இல்லை என்று அவர் அப்போதே வெட்டி வீழ்த்தியிருக்கலாம். அப்படி வெட்டினால், வந்த பொருளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கூடையில் தள்ளிவிட்டவர் என்று ஊருக்கே தெரியும். வாள் உறையிலேயே இருந்தது. யாரும் பார்க்காத நேரம் பார்த்து, அவர் இரண்டு விரலால் பாவாடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று.

ஏழாவது பாவாடையில் விரல் நின்றபோது பின்னால் மிதோரியின் குரல் கேட்டது. அவள் பொம்மையைப் பார்த்தாள். சீட்டைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பெருமகனாருக்கு முதுகு முழுவதும் வியர்த்தது.

“ஐயா,” என்றாள் அவள் மெல்ல, பிறகு முகம் முழுக்கச் சிரித்தாள். “அப்போ நீங்க நெசமாவே வேண்டாம்னுதான் சொன்னீங்களா! நான்தான் புரிஞ்சுக்கல. இதுக்காக ஊர் ஊரா அஞ்சு கடை ஏறி எறங்கினேங்க. பொம்மையே வேண்டாம், இருக்கிறதையும் குடுத்துருவேன்னு நீங்க சொன்னதை வீட்டுல சொன்னப்பவே என் தங்கச்சி சொன்னா, ‘அவரு மனசுல பட்டதைச் சொல்றாரு, தொந்தரவு பண்ணாத’ன்னு. ரொம்ப மன்னிச்சுக்கங்க.”

“இல்லம்மா, அது வந்து...”

“அடுத்த வருஷம் நாங்க பின்லாந்து போறோம். சத்தியமா உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன். இந்த ஃபுசாகோ அம்மாவுக்கே நேரா குடுத்துடறேன். பேட்டைல எல்லாருக்கும் சொல்லிடறேங்க, ஐயாவுக்கு இனிமே யாரும் பொம்மை வாங்கிட்டு வராதீங்கன்னு.”

கேளீர், கேளீர்! ஸ்பெயின் விசிறியை மூடவில்லை, சுவிஸ் இடைச்சி நீட்டிய கையை மடக்கவில்லை, வெளியே லாரி ஒன்று போனதால் ஹவாய் மட்டும் இடுப்பை ஆட்டியது. இருபதாண்டுக் காலமாக அவர் வாசலுக்கு வந்துகொண்டிருந்த உலகம், ஒரு நல்ல பெண்ணின் நல்ல மனத்தால், அந்த ஒரு கணத்தில் நின்றுபோனது. பெருமகனாருக்கு அழுகை வந்தது. வேடிக்கையில்லை, உண்மையாகவே வந்தது. பின்லாந்து வேண்டும், எஸ்தோனியா வேண்டும், இந்த ஏழு பாவாடைக்காரி வேண்டும், எல்லாம் வேண்டும் என்று அந்தக் கூடம் இடிந்து விழும்படி அலற அவர் வாய் திறந்தார்.

“ரொம்ப உபகாரம்மா,” என்று சொல்லி, இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

இவ்வாறாக, முப்பத்தொரு தேசத்து அதிபதியும், பிரிக்கப்படாத பெட்டிகளின் பெருவள்ளலும், பகைவர் போற்றும் பண்பாளருமாகிய குவபாரா ஷிகெஸோ, ஊரார் கைதட்டல் வாசல்வரை வழியனுப்ப, தூறலில் நனைந்த தெருக்களைக் கடந்து, தலை தாழாது, நடை தளராது, வாய் திறவாது தம் மாளிகை புகுந்து, ஆறடி அகலத்துக் கூடத்தில் அரியணையெனக் கிடந்த தட்டை மெத்தையில் அமர்ந்து, மத்தியானத்துக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மனைவி கேட்க, வானமும் வையமும் சாட்சியாக, பசித்த வயிற்றைக் கையால் அமுக்கியபடி, “எனக்கு ஒன்றும் வேண்டாம்!” என்று முழங்கினார்.

தோஷியே தனக்கு மட்டும் நூடுல்ஸ் செய்து சாப்பிட்டாள்.